மார்பகப் புற்றுநோயைப் பரப்பும் புரதம் எது? அதை ஏன் என் அக்காவுக்குச் சோதிக்கவில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அக்காவுக்கு மார்பகத்தில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அறிக்கையில் ஈஆர், பிஆர், ஹெர்2, கேஐ-67 என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. இதற்கிடையே “மார்பகப் புற்றுநோயைப் பரவச் செய்யும் புரதம் கண்டுபிடிப்பு” என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு புரதத்தின் பெயரோடு. இவற்றில் எது உண்மை, அந்தப் புரதத்தை அக்காவின் கட்டியில் ஏன் யாரும் சோதிக்கவில்லை, அதை அடக்கும் மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: நோய் பரவுமா பரவாதா என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை டாக்டர்கள் பார்க்காமல் விட்டுவிட்டார்களோ என்ற பயம்தான் மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது.

அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடவில்லை. “பரப்பும் புரதம்” என்று தனியாக ஒன்று கிடையாது. இன்றைக்குச் சிகிச்சையை மாற்றக்கூடிய புரதங்கள் எவையோ அவை அந்த அறிக்கையிலேயே இருக்கின்றன. ஏன் இப்படி உறுதியாகச் சொல்கிறேன், எந்த இடத்தில் அந்த உறுதி குறைகிறது என்பதுதான் மீதிப் பதில். நான் பேத்தாலஜி மருத்துவர். மார்பகக் கட்டிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. கீமோ வேண்டுமா, மாத்திரை எத்தனை வருடம் என்று முடிவு செய்வது என் வேலை இல்லை, அதை அக்காவின் புற்றுநோய் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

பரவல் ஒரே செயலாக நடப்பதில்லை. கட்டியில் இருக்கும் செல் முதலில் தன் கூட்டத்திலிருந்து பிரிய வேண்டும், அல்லது கூட்டமாகவே நகர வேண்டும். சுற்றியிருக்கும் அடித்தளச் சவ்வையும் நார்த்திசுவையும் தாண்டி இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைய வேண்டும். ஓட்டத்தின் விசையிலும் நோய் எதிர்ப்புச் செல்களிடமும் சிக்காமல் பிழைக்க வேண்டும். எலும்பிலோ நுரையீரலிலோ வெளியே வந்து, பழக்கமில்லாத அந்த இடத்தில் உயிரோடிருந்து, கடைசியில் பெருகவும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலான செல்கள் செத்துப்போகின்றன. விலங்குகளின் இரத்தத்தில் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்த சோதனைகள் சிலவற்றில், புதிய கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவைப்படும் புரதங்கள் வேறு. அதைவிட முக்கியமாக, ஒரு கட்டத்தில் செல்லுக்கு உதவும் புரதமே இன்னொரு கட்டத்தில் அதற்குத் தடையாக இருக்கும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணமே இதுதான். ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தின் கதையைச் சொன்னால் இது தெளிவாகும்.

ஈ-கேட்ஹெரின் செல்லின் மேற்சவ்வில் இருக்கிறது. ஒரு செல்லின் ஈ-கேட்ஹெரின், கால்சியத்தின் துணையோடு, பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைப் பிடித்துக்கொள்கிறது. செல்லின் உள்பக்கம் அது பீட்டா-கேட்டனின், பி120 கேட்டனின் போன்ற புரதங்கள் வழியாக, செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளோடு இணைகிறது. பால் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் ஒழுங்காக ஒட்டி நிற்பதற்கு இது முக்கியமான காரணம். மார்பகப் புற்றுநோயில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை லோபுலர் வகை (பால் சுரக்கும் சிற்றறைகளின் பெயரால் அழைக்கப்படுவது). அவற்றில் பெரும்பாலானவற்றில் ஈ-கேட்ஹெரின் தொலைந்துபோயிருக்கும். மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாக நார்த்திசுவுக்குள் ஊர்ந்து போயிருப்பதைப் பார்க்கலாம். கட்டியாகத் திரளாததால் மேமோகிராமில் சில நேரம் சரியாகத் தெரியாது. இந்த வகை பரவும்போது எலும்பு போன்ற வழக்கமான இடங்களோடு வயிற்று உட்சவ்வு, சூலகம், இரைப்பை, குடல் என்று மற்ற வகை அதிகம் போகாத இடங்களுக்கும் போகிறது. லோபுலரா, டக்டலா (பால் குழாய் வகையா) என்ற சந்தேகம் வந்தால் நாங்கள் ஈ-கேட்ஹெரின் சாயம் போட்டுப் பார்க்கிறோம். அதாவது செய்தியில் வரும் “பரவல் புரதங்களில்” மிகப் பிரபலமான ஒன்றை மருத்துவமனைகள் ஏற்கெனவே சோதிக்கின்றன. ஆனால் அது வகையைச் சொல்வதற்கு. பரவுமா என்று கணிப்பதற்கு இல்லை.

ஏன் கணிப்பதற்கு இல்லை? பிடித்து வைக்கும் புரதம் போனால் செல் ஓடிவிடும், இருந்தால் நிற்கும் என்று தோன்றுவது இயல்பு. பல வருடம் பாடமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஆனால் மார்பகப் புற்றில் பெரும்பான்மையான டக்டல் வகையில் ஈ-கேட்ஹெரின் போவதில்லை. நிணநீர்க்கணுவிலிருந்தோ கல்லீரலிலிருந்தோ எடுத்த டக்டல் புற்றுத் திசுவில் அந்தச் சாயம் நன்றாக ஏறுவதை என் துறையில் இருப்பவர்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். பிடிப்பு விடாமலே பரவியிருக்கிறது. 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ இவால்டின் குழு இதை நேரடியாகச் சோதித்தது. எலிகளின் மார்பகக் கட்டிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கினார்கள். எதிர்பார்த்தபடி செல்கள் சுற்றுத் திசுவுக்குள் அதிகமாகப் புகுந்தன. ஆனால் தொலைவில் உருவான கட்டிகள் குறைந்துவிட்டன. ஈ-கேட்ஹெரின் இல்லாத செல்கள் வழியிலேயே ஆக்சிஜன் சார்ந்த இரசாயன அழுத்தம் தாங்காமல் மடிந்தன. வெளியேறும் கட்டத்தில் தடையாக இருந்த புரதம், பயணத்தில் உயிர்காக்கும் புரதமாக இருந்திருக்கிறது. அப்படியானால் லோபுலர் செல்கள் அது இல்லாமலே எப்படிப் பிழைக்கின்றன? உயிர்வாழ வைக்கும் வேறு சமிக்ஞைப் பாதைகளைத் தூண்டிவிட்டுக்கொள்கின்றன என்பதற்குச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. இந்த இடத்தில் விடை இன்னும் முழுமையாகவில்லை.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியவை ஸ்னெயில், ட்விஸ்ட், ஸெப்1 என்ற புரதங்கள். இவை செல்லின் உட்கருவில் வேலை செய்து, எந்த மரபணு ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று கட்டுப்படுத்துபவை. கருவளர்ச்சியில் செல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக இவை தேவை. புற்றுச் செல் இவற்றை மறுபடியும் எழுப்பினால் ஈ-கேட்ஹெரின் குறையும், செல் நீண்டு, நகரும் தன்மை பெறும். 2004-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம், எலி மார்பகக் கட்டியில் ட்விஸ்ட்டை அடக்கினால் நுரையீரல் பரவல் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. அதன் பிறகு பத்தாண்டுகள் இந்த உருமாற்றம்தான் பரவலுக்கு அடிப்படை என்ற கருத்து வலுவாக இருந்தது. 2015-ல் நேச்சர் இதழில் ஒரே நேரத்தில் வெளியான இரண்டு ஆய்வுகள், ஒன்று மார்பகக் கட்டியிலும் மற்றது கணையக் கட்டியிலும், இந்த உருமாற்றம் இல்லாமலும் பரவல் நடக்கிறது, கீமோவுக்கு எதிர்ப்புத் தருவதில்தான் அதன் பங்கு பெரிது என்றன. செல்களை அடையாளமிட்ட முறை சரியில்லை என்று மறுப்பும் வந்தது. முழுதாக மாறாமல் பாதி மாறிய நிலையில் இருக்கும் செல்கள்தான் ஆபத்தானவை என்ற நடுநிலைக் கருத்தை இன்று பலர் ஏற்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இது முடிந்த வாதம் இல்லை. உங்கள் அக்காவின் கட்டியில் ட்விஸ்ட் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுத்தால் எந்த மருத்துவரும் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதனால்தான் அளப்பதில்லை.

அடுத்து திசுவைக் கரைக்கும் புரதங்கள். எம்எம்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதிகளில் எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் அடித்தளச் சவ்வில் இருக்கும் கொலாஜனைச் சிதைப்பவை. தீவிரமான கட்டிகளில் இவை அதிகமாக இருப்பதைப் பார்த்ததும், இவற்றை அடைத்தால் பரவலை நிறுத்தலாம் என்ற நம்பிக்கை வந்தது. 1990-களில் பெரிய எதிர்பார்ப்போடு மருந்துகள் தயாராயின. அவற்றில் மாரிமாஸ்டாட் என்ற மருந்தை, நோய் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பலன் இல்லை. மூட்டு வலியும் தசை வலியும் கடுமையாக வந்தன. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்தத் தோல்வியில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் காரணம், இந்த நொதிகள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் சில கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பவை. எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்தபோது நல்லதும் அடைபட்டது. இரண்டாவது காரணம் காலம். திசுவைத் துளைப்பது பரவலின் தொடக்க வேலை. நோய் ஏற்கெனவே எலும்புக்கும் கல்லீரலுக்கும் போனவர்களிடம் அந்தக் கதவை மூடி என்ன பயன்?

அந்த இரண்டாவது காரணம் இந்த மருந்தோடு முடிவதில்லை. கட்டி கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே சில செல்கள் வெளியே போயிருக்கலாம். 4,703 நோயாளிகளின் தரவைச் சேர்த்து 2005-ல் வெளியான ஆய்வில், வேறெங்கும் பரவலின் அடையாளம் இல்லாதவர்களிலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுச் செல்கள் தென்பட்டன. இதைப் படித்துப் பதற வேண்டாம். அவர்களில் பலருக்கு நோய் திரும்பவே இல்லை. போய்ச் சேர்ந்த செல் வளர்ந்தே தீரும் என்பதில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: வெளியேற உதவும் புரதத்தைக் கண்டுபிடிப்பது அறிவியலுக்கு முக்கியம், ஆனால் நோயாளிக்கு உதவக்கூடிய மருந்துக்கு, போய்ச் சேர்ந்த இடத்தில் செல்லை உயிரோடு வைத்திருக்கும் புரதமே நல்ல குறி. ஏற்கெனவே வேலை செய்யும் மருந்துகளைப் பார்த்தால் அவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகவே இருப்பது தெரியும்.

திசு கரைப்பில் இன்னொரு விநோதம், யூபிஏ என்ற நொதியும் அதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும். நொதி அதிகமென்றால் ஆபத்து என்பது புரிகிறது. ஆனால் தடுக்கும் புரதமும் அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது, குறைவதில்லை. இரண்டையும் சேர்த்து அளப்பது கணிப்புக்கு உதவும் என்று நிணநீர்க்கணு தொடாத நோயாளிகளிடம் முறையான சோதனைகளில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குப் புதிதாக எடுத்த அல்லது உறைய வைத்த திசு தேவை, மெழுகில் பதித்த வழக்கமான திசு போதாது. அதனாலேயே பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

இரத்தத்துக்குள் நுழைவதில் புற்றுச் செல் தனியாக இல்லை. மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லும் கூட நிற்கிறது. புற்றுச் செல் சிஎஸ்எஃப்-1 என்ற புரதத்தைச் சுரந்து மேக்ரோஃபேஜை அழைக்கிறது, மேக்ரோஃபேஜ் ஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புற்றுச் செல்லை நகர்த்துகிறது. சிஎஸ்எஃப்-1 இல்லாத எலிகளில் மார்பகக் கட்டி வழக்கம்போல் தோன்றியது, ஆனால் நுரையீரல் பரவல் தாமதமானது. இரத்தத்துக்குள் போன பிறகு, ஒற்றைச் செல்லைவிடக் கொத்தாகப் போகும் செல்கள் ஆபத்தானவை. 2014-ல் வெளியான எலி ஆய்வில் கொத்துகளின் பரவும் திறன் தனிச் செல்லைப்போல் 23 முதல் 50 மடங்கு என்று கணக்கிட்டார்கள். கொத்தாகப் பிடித்து வைப்பதில் பிளேகோகுளோபின் என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. இங்கேயும் பிடிப்பு பரவலுக்கு உதவுகிறது.

எந்த உறுப்புக்குப் போகும் என்பது பழைய கேள்வி. 1889-ல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தார். எல்லா உறுப்புக்கும் இரத்தம் போகிறது, ஆனால் கல்லீரலிலும் சில எலும்புகளிலும் மட்டும் கட்டிகள் அதிகம். விதை எங்கும் விழும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். அந்த நிலத்தின் குணம் பாதி புரதங்களில் இருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுச் செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) அதிகம் இருப்பதையும், அதைக் கவரும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் நிணநீர்க்கணு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் நிறைய சுரப்பதையும் காட்டியது. மார்பகப் புற்று வழக்கமாகப் போகும் இடங்களும் இவைதான். இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. இரத்த ஓட்டத்தின் வழியும் குழாய்களின் அமைப்பும் தங்கள் பங்கைச் செய்கின்றன.

எலும்புதான் மார்பகப் புற்று அதிகமாகப் போகும் இடம், நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடமும் அதுவே. அங்கே சேர்ந்த புற்றுச் செல் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது எலும்பைக் கட்டும் செல்களை ரேங்க்-எல் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. ரேங்க்-எல், எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது. அரிக்கப்பட்ட எலும்பிலிருந்து டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வெளியாகி, புற்றுச் செல்லை இன்னும் அதிகமாக பிடிஎச்ஆர்பி சுரக்க வைக்கின்றன. இந்தச் சுழற்சியை எங்கே வெட்டலாம் என்ற யோசனையிலிருந்து வந்த மருந்துதான் ரேங்க்-எல்லைப் பிடிக்கும் டெனோசுமேப், 2010-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எலும்பில் ஏற்கெனவே பரவியவர்களுக்கு எலும்பு முறிவு முதலான சிக்கல்களை அது தள்ளிப்போடுகிறது. இது உறுதி. ஆனால் பரவாதவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பரவலைத் தடுக்கலாமா என்று பார்த்த பெரிய சோதனை ஒன்றில் பலன் கிடைக்கவில்லை. ஸோலெட்ரோனிக் அமிலம் போன்ற பழைய எலும்பு மருந்துகளோ, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நோய் எலும்பில் திரும்புவதைக் குறைக்கின்றன. 2015-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. மாதவிடாய் நிற்காதவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. அக்காவின் வயதைப் பொறுத்து இதை அவர் மருத்துவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான்.

இதே பிடிஎச்ஆர்பி பற்றி இன்னொரு செய்தி. எலும்பில் இவ்வளவு கெடுதல் செய்யும் இந்தப் புரதம் மார்பகத்தில் இருக்கும் முதல் கட்டியில் காணப்பட்டால், அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு காட்டியது. டிஜிஎஃப்-பீட்டாவும் இப்படித்தான். தொடக்கத்தில் செல் பெருகுவதை அது தடுக்கிறது, முற்றிய கட்டியில் படையெடுப்புக்குத் துணைபோகிறது. “இந்தப் புரதம் கெட்டது” என்று ஒரே வரியில் எழுதும் செய்தியை நம்ப முடியாமல் போவதற்கு இவை போதும்.

சில பெண்களுக்கு நோய் பத்து, பதினைந்து வருடம் கழித்துத் திரும்பும். குறிப்பாக ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பி) உள்ள கட்டிகளில் இது உண்டு. ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சையை நோயின்றி முடித்த சுமார் 63,000 பெண்களின் தரவை வைத்து 2017-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐந்தாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம் வரை, நோய் தொலைவில் திரும்பும் வாய்ப்பு, சிறிய கட்டியாக நிணநீர்க்கணு தொடாமல் இருந்தவர்களுக்கு 13 சதவீதம். பெரிய கட்டியும் நான்கு முதல் ஒன்பது கணுக்களும் இருந்தவர்களுக்கு 41 சதவீதம். இவர்களில் பலர் பழைய காலச் சிகிச்சை பெற்றவர்கள். இன்று சிகிச்சை பெறுபவர்களின் எண்கள் இதைவிடக் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது. இத்தனை வருடம் அந்தச் செல்கள் என்ன செய்கின்றன என்பதில்தான் இப்போது ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது. முதிர்ந்த இரத்தக் குழாய்களைச் சுற்றி இருக்கும் திராம்போஸ்பாண்டின்-1 என்ற புரதம் அவற்றை உறங்க வைக்கிறது என்றும், புதிதாகத் துளிர்க்கும் குழாய் முனைகளில் இருக்கும் பெரியோஸ்டின், டிஜிஎஃப்-பீட்டா1 போன்றவை எழுப்புகின்றன என்றும் 2013-ல் காட்டினார்கள். ஆய்வகத்திலும் எலியிலும் கிடைத்த அறிவு இது. இதை வைத்து உறக்கத்தை நீட்டிக்கும் மருந்து எதுவும் நோயாளிகளுக்குக் கிடைக்கும் நிலையில் இல்லை.

சரி, அக்காவின் அறிக்கைக்கு வருவோம். பிஆர் என்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஏற்பி. ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. மார்பகப் புற்றில் 70 முதல் 80 சதவீதத்தில் இது இருக்கும். இதை யாரும் “பரவல் புரதம்” என்று செய்தியில் எழுதுவதில்லை. ஆனால் தொலைவில் போய்ச் சேர்ந்த செல்லும் வளர ஈஸ்ட்ரோஜனை நம்பியிருப்பதால், அந்த ஏற்பியை அடைக்கும் டாமோக்ஸிஃபென் ஐந்து வருடம் எடுத்தவர்களிடம், மார்பகப் புற்றால் இறப்பது பதினைந்து வருடக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஸ்னெயிலோ எம்எம்பியோ பற்றி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டுரைகள் சேர்ந்தும் இந்தப் பலனைத் தரவில்லை. அதனால், கட்டியில் ஈஆர் இருந்து ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால், அதை நடுவில் நிறுத்தாமல் எடுப்பதுதான் இதில் அக்காவின் கையில் இருக்கும் பெரிய விஷயம். பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லட்டும், அதற்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன.

ஹெர்2 செல்லின் மேற்சவ்வில் இருக்கும் ஏற்பி, பெருகச் சொல்லும் சமிக்ஞையை உள்ளே கடத்துவது. 15 முதல் 20 சதவீதக் கட்டிகளில் இதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் குழு, அப்படிப் பெருகிய நோயாளிகளுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதைக் காட்டியது. 1998-ல் டிராஸ்டுசுமேப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அறுவைக்குப் பிறகு கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் 2005-ல் வெளியானபோது, நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கெட்ட அறிகுறியாக இருந்த ஒரு புரதம், மருந்து வந்ததும் நல்ல இலக்காக மாறிவிட்டது. கேஐ-67 பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் எத்தனை சதவீதம் என்று அது சொல்கிறது. 5 அல்லது அதற்குக் கீழ், 30 அல்லது அதற்கு மேல் என்றால் நம்பலாம். நடுவில் இருக்கும் எண் ஓர் ஆய்வகத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசப்படும். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எண்ணினாலே வேறு எண் வருவது உண்டு. 18 என்று போட்டிருப்பதைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. அப்புறம், நோய் பரவும் வாய்ப்பைக் கணிக்க இன்றும் முதலில் பார்ப்பது புரதத்தை இல்லை: கட்டியின் அளவு, எத்தனை நிணநீர்க்கணுக்களில் புற்று இருக்கிறது, கட்டியின் கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற மதிப்பு) ஆகிய மூன்றையும்தான்.

இனி அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், அது எதில் செய்த ஆய்வு என்று முதலில் பாருங்கள். மார்பகப் புற்றின் பரவலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, 1970-களில் ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட எம்டிஏ-எம்பி-231 என்ற செல் வரிசையிலிருந்து வந்தது. அது ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் இல்லாத வகை. ஈஆர் உள்ள கட்டிகளை எலியில் பரவ வைப்பது கடினம் என்பதால், பெரும்பாலான பெண்களுக்கு வரும் வகைதான் குறைவாக ஆராயப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பரவலின் எந்தக் கட்டத்தைப் பற்றிய ஆய்வு என்று பாருங்கள். செல் நகர்ந்தது, துளைத்தது என்று மட்டும் இருந்தால், மேலே சொன்ன ஈ-கேட்ஹெரினை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மனிதர்களிடம் அந்தப் புரதத்தை அடைத்துப் பார்த்தார்களா என்று தேடுங்கள். பரவலைத் தடுக்கும் மருந்தை நிரூபிக்க, நலமாக இருக்கும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும். இருக்கும் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பதைப்போல் சில மாதங்களில் முடியாது. மருந்து வரத் தாமதமாவதில் இதற்கும் பெரிய பங்கு இருக்கிறது.

அறிக்கையில் ஹெர்2-க்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சாயத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, ஃபிஷ் போன்ற மரபணுப் பரிசோதனையின் முடிவும் கூடவே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அக்காவின் மருத்துவரிடம் உடனே கேளுங்கள். மெழுகில் பதித்த திசுக்கட்டியை ஆய்வகம் வைத்திருக்கும், அதிலிருந்தே அந்தப் பரிசோதனையை இப்போதும் செய்யலாம். பின்னாளில் ஒருவேளை நோய் வேறிடத்தில் தெரிந்தால், அந்த இடத்திலும் முடிந்தவரை பயாப்சி எடுத்து இதே புரதங்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதல் கட்டியில் இருந்த ஈஆரோ ஹெர்2-வோ பரவிய இடத்தில் மாறியிருப்பது சிலருக்கு நடக்கிறது. மாறினால் மருந்தும் மாறும்.